டப்ளின் மீன்காரி மோலி மலோன்: சிலையைப் போய்ப் பார்க்கலாமா, தொடலாமா?

27 ஏப்ரல் 2025, வாசகர் கேள்வி

ஜூன் கடைசியில் குடும்பத்தோடு டப்ளின் வருகிறோம். மோலி மலோன் சிலையைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றும், அதன் மார்பைத் தொட்டால் அதிர்ஷ்டம் வரும் என்றும் ஒரு சுற்றுலாக் குறிப்பில் படித்தேன். அங்கு போய் வந்த நண்பர்கள் அனுப்பிய படங்களிலும் எல்லோரும் அப்படித் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள். அவள் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த விலைமாது என்று அவர்களில் ஒருவர் எழுதியிருந்தார். பள்ளியில் படிக்கும் இரண்டு மகள்களை அழைத்துக்கொண்டு போகக்கூடிய இடமா அது? பார்க்காமல் வந்தால் இழப்பு ஏதும் உண்டா?

28 ஏப்ரல்

போங்கள். மகள்களையும் அழைத்துப் போங்கள். தொட மட்டும் வேண்டாம்.

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினைப் பற்றிய ஒரு புகழ்பெற்ற பாட்டின் நாயகி மோலி மலோன்; சிலை அவளுக்குத்தான். பாட்டில் உள்ள கதை மிகச் சிறியது. டப்ளினில் மோலி மலோன் என்றொரு பெண் மீன் விற்கிறாள். அவளுடைய தாயும் தந்தையும் அதே தொழிலில் வண்டி தள்ளியவர்கள். அகலமான தெரு, குறுகலான தெரு என்று பாராமல் அவள் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு, மட்டியும் சிப்பியும் உயிரோடு இருக்கின்றன என்று கூவி விற்கிறாள். பிறகு காய்ச்சல் கண்டு இறந்துபோகிறாள். யாராலும் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. இறந்த பின்னும் அவளுடைய ஆவி அதே தெருக்களில் அதே கூவலோடு வண்டியைத் தள்ளுகிறது. மூன்று சரணங்களில் முடிந்துவிடும் இந்தக் கதையில் அவள் உடலை விற்றாள் என்பதற்கு ஒரு சொல்கூட ஆதாரமாக இல்லை. பகலில் மீன் வியாபாரம், இரவில் வேறு தொழில் என்பது பாட்டுக்கு வெளியே பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட பேச்சு. சுற்றுலாக்காரர்களைச் சிரிக்க வைப்பதற்காக அது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, இன்று வரலாறு போல உலவுகிறது.

என் அலுவலகம் அந்தத் தெருவுக்கு அருகில் இருப்பதால் வேலை முடிந்து டிராமுக்குப் போகும்போது அநேகமாக அவளைத் தாண்டித்தான் போகிறேன். வெண்கலத்தில் வார்த்த, ஆளைவிடச் சற்றே பெரிய உருவம். இரண்டு கைகளும் வண்டியின் பிடிகளை இறுகப் பற்றியிருக்கின்றன. வண்டியின் மேல் கூடைகள். பீடம் தாழ்வானது, அதனால் அவள் கூட்டத்துக்கு நடுவே நிற்பது போலவே தோன்றும். உங்கள் மகள்களுக்கு முதலில் அந்தக் கைகளையும் கூடைகளையும் காட்டுங்கள்.

29 ஏப்ரல்

இடம் பற்றி ஒரு தெளிவு. கிராஃப்டன் தெருவின் முனை என்று பழைய பயணக் கையேடுகளில் இருப்பதை நம்பி அங்கே போய்த் தேட வேண்டாம். 1988இல் சிலை நிறுவப்பட்டது அங்கேதான். ஆனால் லுவாஸ் டிராம் பாதையை நகர மையத்தின் குறுக்கே நீட்டும் வேலைக்காக 2014இல் அவளைச் சில நிமிட நடைத் தொலைவில் உள்ள சஃபோக் தெருவுக்கு மாற்றினார்கள். அந்தப் பாதையில் 2017 டிசம்பரில் டிராம் ஓடத் தொடங்கியும் அவள் திரும்பிப் போகவில்லை. முன்னாள் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தின் கல் கட்டடம் அவளுக்குப் பின்னால் இருக்கிறது என்பதை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

2 மே

"நாட்டுப்பாடல் என்கிறார்கள், அப்படியானால் மோலி உண்மையில் வாழ்ந்தவள்தானே?" என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இன்று நாம் கேட்கும் மெட்டோடு இந்தப் பாட்டு அச்சில் கிடைப்பது 1876இல், அதுவும் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில். 1884இல் லண்டனில் வெளியான பதிப்பு, எடின்பரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் யார்க்ஸ்டன் இதை எழுதி இசையமைத்தார் என்று சொல்கிறது. ஆக, டப்ளின் தன் கீதமாகப் பாடிக்கொள்ளும் பாட்டுக்கு முதல் அச்சுச் சான்று அட்லாண்டிக்குக்கு அப்பாலும், எழுதியவராகப் பெயர் பெற்றவர் ஸ்காட்லாந்திலும் இருக்கிறார்கள். இசையரங்குகளில் மேடையேறிய பாட்டுகளின் வார்ப்பு இதில் தெளிவாகத் தெரிகிறது என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். 2010இல் ஒரு பழைய பாடல் தொகுப்பு செய்தியில் அடிபட்டது. 1790ஐ ஒட்டி இங்கிலாந்தின் டான்காஸ்டர் நகரில் அச்சான அத்தொகுப்பில் டப்ளினுக்கு அருகிலுள்ள ஹௌத் ஊரோடு தொடர்புபடுத்தி ஒரு மோலி மலோன் வருகிறாள். ஆனால் அது காதல் பாட்டு; அதில் மீனும் இல்லை, வண்டியும் இல்லை, காய்ச்சலும் இல்லை.

1699 ஜூன் 13 அன்று இறந்த மேரி மலோன் என்ற பெண்தான் பாட்டின் நாயகி என்று 1988இல் ஒரு கூற்று எழுந்தது. மோலி என்பது மேரியின் செல்லப் பெயர். மலோன் அயர்லாந்தில் எங்கும் வழங்கும் குடும்பப் பெயர். எந்த நூற்றாண்டின் தேவாலயப் பதிவேட்டைப் புரட்டினாலும் ஒரு மேரி மலோன் கிடைப்பாள். அவள் மீன் விற்றாள் என்பதற்கோ, பாட்டை எழுதியவர் அவளைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார் என்பதற்கோ சான்று கிடையாது. இருந்தும் அவ்வாண்டு நகர மேயர் சிலையைத் திறந்துவைத்தபோது ஜூன் 13ஆம் தேதியை மோலி மலோன் நாள் என்று அறிவித்தார்.

அவள் வாழவில்லை என்பதால் நான் மனம் தளரவில்லை. நூறு பேர் வாழ்ந்த வாழ்க்கையை ஒரு பெயருக்குள் அடைத்து வைப்பது பாட்டுகள் காலங்காலமாகச் செய்துவரும் வேலை. டப்ளினில் மீன் கூவி விற்ற பெண்கள் இருந்தார்கள் என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. அவர்களில் யாருடைய பெயரும் நமக்குக் கிடைக்காத நிலையில் இந்தப் பெயர் ஒன்று கிடைத்திருக்கிறது.

3 மே

பாட்டு 19ஆம் நூற்றாண்டு என்றால் சிலைக்கு ஏன் 17ஆம் நூற்றாண்டு உடை என்ற கேள்வி நியாயமானது. அந்த 1699 கூற்றை ஏற்றுக்கொண்டு சிலை வடிக்கப்பட்டதால்தான் இந்த உடை. கழுத்துப் பக்கம் இவ்வளவு தாழ்ந்திருக்கலாமா என்று திறப்பு விழாக் காலத்திலேயே எதிர்ப்பு எழுந்தது. அக்காலப் பெண்கள் உடுத்தியது இப்படித்தான், தாய்மார்கள் வெளியிடங்களில் பாலூட்டியதும் வழக்கம்தான் என்று சிலையின் தரப்பில் விடை சொல்லப்பட்டது. எனக்கு அந்த உடையில் குறை சொல்ல ஏதுமில்லை. ஒரு சிலையின் கழுத்துத் துணி எவ்வளவு இறங்கியிருந்தாலும் அது யாரையும் கை நீட்ட அழைப்பதாகாது.

11 மே

தொடுவதைப் பற்றி நான் சுருக்கமாகச் சொன்னது சிலருக்குக் கடுமையாகப் பட்டிருக்கிறது. "உலகம் முழுவதும் சிலைகளைத் தொடுகிறார்கள், இதில் என்ன இருக்கிறது?" என்கிறார்கள். வாருங்கள், அருகில் நின்று பார்ப்போம்.

வார்ப்பு முடிந்த வெண்கலத்தின் மேல் வேதிப்பொருள்களும் சூடும் கொடுத்து ஒரு மேல்பூச்சு உண்டாக்குவார்கள். மோலியின் கரும்பழுப்பு நிறம் அந்தப் பூச்சால் வந்தது. மழையும் காற்றும் அதைப் பல ஆண்டுகளில் மெல்ல மாற்றும். மனிதக் கை அதைத் தேய்த்தே எடுத்துவிடும். அவளுடைய முகம் பழுப்பு, தோள் பழுப்பு, பாவாடை மடிப்புகள் கறுப்பு, கூடைகள் கறுப்பு. மார்பு மட்டும் பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கியது போல மஞ்சளாய் மின்னுகிறது. தெருவின் மறுபக்கத்திலிருந்தே கண்ணில் முதலில் படுவது அந்த மஞ்சள்தான். சிற்பி செய்த முகத்துக்குப் பார்வை போவதற்குள், தெருவில் போனவர்களின் கைகள் செய்த வேலை பார்வையை இழுத்துவிடுகிறது.

ரோமில் புனித பேதுருவின் வெண்கலப் பாதம் பக்தர்களின் கைபட்டுத் தேய்ந்திருக்கிறது. அது வணக்கம், குனிந்து தொடுகிறார்கள். இங்கே நான் கண்டது வேறு. ஒரு வழிகாட்டி தம் குழுவை நிறுத்தி நகைச்சுவையாக ஏதோ சொல்கிறார். ஒவ்வொருவராக ஏறி, கையை வைத்து, பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். குழுவில் வந்த பெண்களில் ஒருத்தி சிரிக்காமல் கைப்பேசியைப் பார்ப்பது போலத் திரும்பி நிற்கிறாள். அதிர்ஷ்டம் என்பதற்குப் பாட்டிலும் ஆதாரமில்லை, நகரின் பழைய வழக்கத்திலும் ஆதாரமில்லை. சுற்றுலா நடைகள் பெருகிய காலத்தில் முளைத்த சடங்கு இது.

ட்ரினிட்டி கல்லூரியில் படித்துக்கொண்டே சிலைக்கு அருகில் பாடிவரும் ஒரு மாணவி, நாள்தோறும் கண் முன்னால் நடந்த இந்தக் காட்சியைச் சகிக்க முடியாமல், மோலியை விட்டுவிடுங்கள் என்று இயக்கம் தொடங்கியிருக்கிறார். சிலையின் நிறத்தை மீட்க வேண்டும், கைக்கு எட்டாத உயரத்தில் அவளை நிறுத்த வேண்டும் என்பவை அவருடைய வேண்டுகோள்களில் அடங்கும். இரண்டையும் நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

இத்தாலியின் வெரோனாவில் ஜூலியட் சிலைக்கும் இதே கதிதான். 1972இல் வைத்த வெண்கலச் சிலை, வலது மார்பையும் கையையும் பல்லாயிரம் பேர் பிடித்துப் பிடித்துச் சேதமாகி, 2014இல் உள்ளே எடுத்து வைக்கப்பட்டது. முற்றத்தில் இப்போது நிற்பது நகல். அதையும் அதே இடத்தில் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். காதலுக்காக உயிர்விட்ட பெண்ணுக்கும் உழைத்துக் காய்ச்சலில் மாண்ட பெண்ணுக்கும் இரு நாடுகளில் ஒரே மரியாதை கிடைக்கிறது என்பது எனக்கு வேதனை தருகிறது.

12 மே

"பார்த்தவுடன் விலைமாது என்றுதானே டப்ளின்காரர்களே பெயர் வைத்தார்கள்" என்று ஒருவர் எழுதியதற்கு விடை. ஒழுக்கம் கெட்டவள் என்ற பொருள்படும் சொல்லையும் வண்டியையும் எதுகையாகச் சேர்த்து அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வழங்குவது உண்மை. இந்நகரத்தார் எதற்கும் எதுகைப் பட்டம் கட்டுவார்கள். அதே 1988இல், நகரின் ஆயிரமாவது ஆண்டு விழாவையொட்டி, ஓ'கானல் தெருவில் லிஃபி நதியைப் பெண்ணாக உருவகித்த அன்னா லிவியா நீரூற்று வந்தது. லிஃபி தெருவில் கடைப் பைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து பேசும் இரண்டு நடுத்தர வயதுப் பெண்களின் சிலையும் வந்தது. அவற்றுக்கும் எதுகைப் பட்டங்கள் உண்டு. மூன்று படைப்புகளும் பெண்கள். மூன்று பட்டங்களும் இழிவானவை. நகைச்சுவை உணர்வு மிக்க ஊர் என்பதை நான் அன்போடு ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பட்டங்களைத் தமிழில் எடுத்து எழுத மனம் வரவில்லை.

29 மே

இம்மாதம் ஒரு வாரம் மாநகராட்சி சிலையருகே ஆட்களை நிறுத்தி, வருகிறவர்களிடம் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள ஏற்பாடு செய்தது. தேய்ந்த நிறத்தை மீட்பது பற்றியும் பேசியிருக்கிறார்கள். நல்ல தொடக்கம்.

ஆனால் பீடத்தை உயர்த்துவது பற்றி 11ஆம் தேதி எழுதியதில் எனக்கு இப்போது தயக்கம் பிறந்திருக்கிறது. ஓ'கானல் தெருவில் நடந்து பாருங்கள். தெற்கு முனையில் அரசியல் தலைவர் டேனியல் ஓ'கானல், நடுவில் கைகளை உயர்த்தி நிற்கும் தொழிற்சங்கத் தலைவர் ஜிம் லார்கின், வடக்கு முனையில் இன்னொரு அரசியல் தலைவர் பார்னெல். எல்லோரும் உயரத்தில் நிற்கும் ஆண்கள். பேச்சாளர்கள் நிற்க வேண்டிய இடம் அது. மீன் விற்பவள் வாங்குகிறவரின் கைக்கு எட்டும் உயரத்தில்தான் நிற்க முடியும். கூடைக்குள் எட்டிப் பார்த்து, விலை கேட்டு, பேரம் பேசி வாங்கும் வியாபாரம் அவளுடையது. அவளைத் தூணின் மேல் ஏற்றினால் அவமதிப்பிலிருந்து காப்போம். கூடவே அவளைத் தெருவிலிருந்தும் எடுத்துவிடுவோம். சுற்றிலும் பூந்தொட்டிகள் வைத்தாலும் அவள் வண்டி எங்கும் நகர முடியாதபடி வேலியிட்டதாகவே எனக்குப் படும். நிறத்தை மீட்டு, வழிகாட்டிகளிடம் உறுதியாகப் பேசி, சிலையை இதே உயரத்தில் விட்டுவைக்க முடியுமா என்று இப்போது யோசிக்கிறேன். மாணவியின் மற்ற வேண்டுகோள்களில் என் ஆதரவு மாறவில்லை.

31 மே

ஒரு வாசகரின் யோசனை: தொட்டே தீர வேண்டும் என்பவர்களுக்கு வண்டியின் பிடியைத் தொட்டால்தான் அதிர்ஷ்டம் என்று கதை கட்டிவிடலாமே? கதையால் வந்த கேட்டைக் கதையாலேயே தீர்ப்பது! இதை எனக்குத் தெரிந்த வழிகாட்டி ஒருவரிடம் சொன்னேன். முயன்று பார்க்கிறேன் என்றார்.

8 ஜூன்

பல வாரங்களாக எழுத நினைத்ததை இன்று எழுதிவிடுகிறேன்.

மோலியைப் பார்க்க வருகிறவர்கள் அன்றே மூர் தெருவுக்கும் போக வேண்டும். லிஃபி ஆற்றைக் கடந்து, ஓ'கானல் தெருவுக்கு இணையாக மேற்கே ஓடும் சிறிய தெரு அது. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பழமும் காயும் பூவும் மீனும் விற்றுவந்த தெரு. பாட்டி, தாய், மகள் என்று ஒரே இடத்தில் கடை போட்ட குடும்பங்கள் அங்கே உண்டு. என்னோடு வேலை செய்யும் அம்மையார் ஒருவரின் பாட்டியும் அங்கே மீன் விற்றவர். குளிர்காலத்தில் பனிக்கட்டிக்குள் கைவிட்டு விட்டு அவருடைய விரல்கள் கடைசிக் காலத்தில் மடங்கவே இல்லையாம். கோப்பையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துத்தான் தேநீர் குடிப்பாராம். மோலியின் கைகளைப் பாருங்கள் என்று நான் முதல் நாளே எழுதியது அந்த அம்மையார் சொன்னதைக் கேட்டிருந்ததால்தான்.

இனி ஆண்டுகளைக் கவனியுங்கள். 1980களின் நடுவில், உரிமம் இல்லாமல் ஹென்றி தெருப் பகுதியில் விற்ற பெண்களைக் காவலர்கள் விரட்டினார்கள், கைது செய்தார்கள், சரக்கைப் பறிமுதல் செய்தார்கள். அப்பெண்களில் பலர் பழைய குழந்தைத் தள்ளுவண்டியில் சரக்கை வைத்து விற்றவர்கள். காவலர் வந்தால் சட்டென்று தள்ளிக்கொண்டு போகலாம் என்பதே காரணம். அவர்களுக்காகத் தெருவில் உட்கார்ந்து போராடிய வட டப்ளின் நாடாளுமன்ற உறுப்பினர் டோனி கிரிகோரி 1986இல் சிறைக்குப் போனார். இனி அமைதி காப்பேன் என்று எழுதிக் கொடுத்திருந்தால் வெளியே இருந்திருக்கலாம். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. அது நடந்து இரண்டே ஆண்டுகளில், 1988இல், தெருவில் வண்டி தள்ளி விற்ற ஒரு பெண்ணுக்கு அதே நகரின் மிக விலையுயர்ந்த கடைத்தெரு முனையில் வெண்கலச் சிலை திறக்கப்பட்டது.

இதைப் படித்துத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு அந்தச் சிலை வேறொன்றாகிவிட்டது. வெண்கலத்தில் இருப்பவளிடம் யாரும் உரிமம் கேட்பதில்லை. அவளுடைய வண்டி நடைபாதையை அடைக்கிறது என்று யாரும் புகார் செய்வதில்லை. டிராமுக்காக அவளை நகர்த்தியபோதுகூட மரியாதையோடு தூக்கிக்கொண்டு போய் நல்ல இடம் பார்த்து வைத்தார்கள். உயிரோடு இருந்த மோலிகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. மூர் தெருவில் இன்று எஞ்சியிருக்கும் கடைக்காரிகள் சிலரே. ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் தலைவர்கள் கடைசியாகத் தங்கியிருந்து சரணடைய முடிவெடுத்த வீடுகளும் அதே தெருவில் இருப்பதால் அந்த இடத்தை என்ன செய்வது என்ற வழக்கும் வாதமும் பல ஆண்டுகளாக நடக்கின்றன. அந்த வாதங்களில் மாவீரர்களின் பெயர் அடிபடும் அளவுக்குக் கடைக்காரிகளின் பிழைப்பு பேசப்படுவதில்லை.

ஆகவே சிலையைப் பார்த்தால் மட்டும் போதாது. மூர் தெருவில் யாராவது ஒரு பாட்டியிடம் ஒரு பை ஆப்பிளாவது வாங்குங்கள். பேசினால் பேசுவார்கள், படம் எடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

13 ஜூன்

இன்று மோலி மலோன் நாள். மதிய உணவு நேரத்தில் போனேன். விழாவின் அறிகுறி எதுவும் என் கண்ணில் படவில்லை. ஒரு கடற்காகம் அவளுடைய தலையில் உட்கார்ந்து, மிகுந்த கவனத்தோடு கூடையையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்நகரில் இன்னமும் அவளை மீன்காரியாகவே மதித்து வருகிற வாடிக்கையாளர் அதுதான் என்று பக்கத்தில் நின்ற முதியவர் சொன்னார். அவரும் நானும் சேர்ந்து சிரித்தோம்.

22 ஜூன்

காய்ச்சலைப் பற்றிக் கேட்டவருக்கு.

எந்தக் காய்ச்சல் என்று பாட்டு சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டு டப்ளினில் ஏழைகளைக் கொன்ற காய்ச்சல்கள் பல. ஆனால் டைபாய்டு என்று நினைக்க ஒரு காரணம் உண்டு. நகரத்துக் கழிவுநீர் அன்று நேராக ஆற்றில் கலந்து குடாக்கடலுக்குப் போயிற்று. மட்டியும் சிப்பியும் கடல்நீரை வடிகட்டி உண்ணும் உயிர்கள். நீரில் இருக்கும் கிருமியும் அவற்றின் உடலில் சேரும். நகரின் சுகாதார அலுவலராக நெடுங்காலம் பணியாற்றிய சார்லஸ் கேமரன், டப்ளின் குடாவில் எடுத்த சிப்பி வகைகளுக்கும் டைபாய்டுக்கும் தொடர்பு உண்டு என்று எச்சரித்தார். பாட்டு அச்சேறி ஊரெல்லாம் பாடப்பட்ட அதே காலம் அது. அவள் கூவி விற்றதே அவளைக் கொன்றிருக்கலாம் என்பதைப் பாட்டு எழுதியவர் நினைத்திருக்கமாட்டார். சரக்கு உயிரோடு இருக்கிறது என்ற கூவலை இதற்குப் பிறகு என்னால் பழையபடி கேட்க முடியவில்லை.

நேற்று வடிநீர் நேரத்தில் சாண்டிமவுன்ட் கடற்கரைக்குப் போயிருந்தேன். நீர் வெகுதூரம் உள்வாங்கி, பூல்பெக் மின்நிலையத்தின் சிவப்பு வெள்ளைப் புகைபோக்கிகள் வரை ஒரே ஈர மணல். காலடியில் வரிவரியாய் மேடிட்ட மட்டி ஓடுகள், பாதி திறந்தும் முழுதாய் உடைந்தும் கிடந்தன. மணலை இரண்டு விரல் ஆழம் கிளறினால் உயிருள்ள மட்டி ஒன்று வாயை இறுக மூடிக்கொண்டு வந்தது. திரும்பப் புதைத்துவிட்டேன். எடுத்துச் சமைக்க நினைக்காதீர்கள். அடுத்துள்ள மெரியன் கடற்கரையில் நீரின் தரம் மோசமாக இருப்பதால் 2020 முதல் குளிப்பதற்கே நிரந்தரத் தடை இருக்கிறது.

6 ஜூலை

கேள்வி கேட்டு இந்த இழையைத் தொடங்கிய நண்பர் குடும்பத்தோடு வந்து போய்விட்டார். அவர் அனுப்பியதை அவருடைய அனுமதியோடு சுருக்கித் தருகிறேன். அவர்கள் போன நேரத்தில் இரண்டு சுற்றுலாக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அதையே செய்தன. மூத்த மகள், "ஏன் அந்த அக்காவை அப்படிச் செய்கிறார்கள்?" என்று சத்தமாகவே கேட்டாளாம். தமிழில் கேட்டதால் யாருக்கும் புரியவில்லை. ஆனால் அவள் கை நீட்டிக் காட்டிய விதத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் இறங்கிவிட்டாராம். இளையவள் கூடைக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாளாம். மூர் தெருவில் ஸ்ட்ராபெரி வாங்கியிருக்கிறார்கள். விற்ற அம்மாள் இரண்டு பிள்ளைகளுக்கும் கூடுதலாக ஆளுக்கொரு பழம் கொடுத்தாராம்.

பார்க்காமல் விட்டால் இழப்பு உண்டா என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு இப்போது நீங்களே விடை எழுதலாம்.

7 ஜூலை

மேற்படி குறிப்பைப் படித்த ஒருவர், "குழந்தைகளை அப்படியொரு காட்சிக்கு முன்னால் நிறுத்தியது தவறு" என்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் பேருந்திலும் திருவிழாக் கூட்டத்திலும் இதைப் பற்றி முன்பே தெரிந்திருக்கும். தந்தை பக்கத்தில் நிற்கும்போது அதைத் தவறு என்று வாய்விட்டுச் சொல்லும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

24 ஆகஸ்ட்

கடைசியாக, சிற்பியைப் பற்றி. இவ்வளவு எழுதியும் அவருடைய பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். ஜீன் ரைன்ஹார்ட்; டப்ளினில் பிறந்து, தெற்கே கார்க் மாவட்டத்தின் பான்ட்ரி பக்கம் பட்டறை வைத்திருந்தவர்; 2020இல் மறைந்தார். மோலிக்குப் பிறகும் அவர் பெண்களை வடித்தார். அவற்றைத் தேடிப் போவது இந்தக் கோடையில் எனக்கு நல்ல அலைச்சலாக இருந்தது.

ட்ராலி ஊரின் பூங்காவில் இன்னொரு பாட்டின் நாயகி நிற்கிறாள். 'ட்ராலியின் ரோஜா' என்ற அந்தப் பாட்டில் வருபவள் மேரி ஓ'கானர் என்ற ஏழை வேலைக்காரப் பெண் என்றும், அவள் மேல் காதல் கொண்ட செல்வந்தர் வீட்டுப் பிள்ளை வில்லியம் மல்கினாக் பாட்டை எழுதினார் என்றும், அவர் வெளிநாடு போய்த் திரும்புவதற்குள் அவள் இறந்துவிட்டாள் என்றும் ஊரில் சொல்கிறார்கள். பாட்டை எழுதியவர் அவர்தானா என்பதில் வழக்கு உண்டு. அங்கே இருவரும் சேர்ந்து நிற்கிறார்கள். நான் நின்ற நேரம் முழுவதும் யாரும் அவளிடம் கையை நீட்டவில்லை. ரோஜாத் தோட்டத்துக்கு நடுவே, காதலன் பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு தானாகவே அமைந்துவிடுகிறது. தனியாக நின்று பிழைப்பு நடத்துகிறவளுக்கு அது இல்லை.

கோவ் துறைமுகத்தில் இருப்பவள் பாட்டில் வந்தவள் அல்லள், உண்மையில் வாழ்ந்தவள். அன்னி மூர், 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்தபோது முதலாவதாகப் பதிவானவள். கூட வந்தவர்கள் இரண்டு தம்பிகள். கோவ் துறைமுகத்தில் தம்பிகளை அணைத்து நிற்கும் சிலையும், எல்லிஸ் தீவில் அவள் மட்டும் பெட்டியோடு நிற்கும் சிலையும் ரைன்ஹார்ட் செய்தவை. வாழ்ந்தவளாக இருந்தும் இவளுடைய கதையும் தடம் மாறியது. மேற்கே டெக்சாஸ் போய் வாழ்ந்த வேறொரு அன்னி மூரை இவள் என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். உண்மையான அன்னி நியூயார்க்கிலேயே வறுமையில் பிள்ளைகள் பெற்று 1924இல் இறந்தாள் என்பது 2006இல்தான் வெளிப்பட்டது. குவீன்ஸ் பகுதியில் பெயரில்லாமல் கிடந்த அவள் கல்லறைக்கு 2008இல் கல் நட்டார்கள். இல்லாத மோலிக்கு இறந்த தேதியைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் இருக்க, இருந்த அன்னியின் கல்லறை எண்பது ஆண்டுகளுக்கு மேல் பெயரின்றிக் கிடந்திருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: கார்க் நகரின் கென்ட் நிலையத்திலிருந்து கோவுக்கு ரயில் அடிக்கடி உண்டு, அரை மணிக்குள் போய்விடலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் படகுத் துறைப் பக்கம் நடந்தால் அன்னியும் தம்பிகளும் தெரிவார்கள். ட்ராலிக்கு டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து ரயில். சில வண்டிகளுக்கு மல்லோவில் மாற வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் அடக்க முயலாதீர்கள்.